கடற்பஞ்சும் முத்துப் பஸ்பமும்

சேர்வராயன் மலையிலுள்ள கிளியூரில் அருவியும் காப்பித் தோட்டங்களும் உண்டு, கடல் இல்லை. ஆயினும் அரபியர் ‘கஹ்வா’ என்றழைத்த அக்காப்பியே கடல் கடந்து வந்த செல்வமன்றோ! சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் அதனை இம்மலைக்குக் கொணர்ந்தார். அவ்வூர் அன்பர் ஒருவர், நுரையீரற் புற்றுக்கு ஆளான தம் தமையனாருக்காக ஒரு புட்டியுடன் வந்து, “முத்துப் பஸ்பம் கொடுத்தால் கரையுமா, ஹஜரத்?” என்று வினவினார்.

கடற்பொருளை மருந்தாக்கும் எண்ணம் புதிதன்று. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த மேதை இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் தனிமருந்துகளைக் கூறுமிடத்து அம்பரையும் பவழத்தையும் ‘இஸ்ஃபன்ஜ்’ எனும் கடற்பஞ்சையும் சேர்த்தார். ஒன்பது நூற்றாண்டுகள் சென்றபின், 1945இல், புளோரிடாக் கரையருகே வெர்னர் பெர்க்மன் வேறொரு கடற்பஞ்சை எடுத்தார். அதிற் கண்ட பொருள்களை முன்மாதிரியாகக் கொண்டு செய்யப்பட்ட ‘சைட்டராபின்’ 1969இல் இரத்தப் புற்றுக்கு மருந்தாக ஏற்கப்பட்டது.

நுரையீரல் மருந்தின் வரலாறோ இன்னும் நெடியது. கரிபியக் கடலில் அலையாத்தி மர வேர்களைப் பற்றி வாழும், நீரைப் பீச்சும் சிற்றுயிர் ஒன்றின் சாறு புற்றை எதிர்க்கும் என்பது 1969இலேயே தெரிந்திருந்தது. அப்பொருளின் அமைப்பு வெளியானது 1990இல். ஒரு கிராம் பெற ஏறத்தாழ ஒரு டன் உயிர்கள் வேண்டுமாம், கடல் என்னாவது! எனவே அறிஞர், பாக்டீரியா தரும் பொருளொன்றிலிருந்து அதனைச் செய்யக் கற்றனர். அதன் சாயலில் ஸ்பெயினின் பார்மாமார் நிறுவனம் ஆக்கியதே ‘லர்பினெக்டெடின்’. புற்றணுவின் மரபுப் பொருளைப் பற்றிக்கொண்டு, அதிலுள்ள ஏவல்கள் படியெடுக்கப்படாமல் அது தடுக்கிறது. முதற் சிகிச்சைக்குப் பின்னும் முற்றிய சிறு செல் நுரையீரற் புற்றுக்கு அமெரிக்க அரசு 2020 ஜூனில் அதனை அனுமதித்தது. சோதிக்கப்பட்ட 105 பேருள் 35 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கிற்று. அப்பலனும் பெரும்பாலும் ஐந்து திங்களளவே நீடித்தது. அரை நூற்றாண்டு உழைப்பின் விளைச்சல் இவ்வளவே. எனினும் அத்திங்கள்கள் ஒரு குடும்பத்திற்கு எத்துணைப் பெரியவை!

இம்மருந்து, உடலை அளந்து, 21 நாட்களுக்கு ஒருமுறை நரம்பில் செலுத்தப்படுவது. இரத்த அணுக்களைக் குறைக்கவல்லது. கடலில் பிறந்தது என்பதாலேயே முத்தும் பவழமும் அதற்கு உறவாகிவிடா. நம்மவர் மஹ்மூது பந்தர் என்றழைக்கும் பரங்கிப்பேட்டையிலும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் கடலுயிர்களை ஆராய்கின்றனர். ஆராய்ச்சி வேறு, அங்காடிப் புட்டி வேறு.

சிறு செல் புற்று பெரிதும் புகைப்போரையே பற்றுவது. தமையனாரைச் சேலத்து மருத்துவரிடமே மீண்டும் அழைத்துச் செல்லுமாறும், வீட்டிலுள்ள பீடிக்கட்டை அகற்றுமாறும் அன்பரிடம் கூறினேன். நெடுநேரம் பேசாதிருந்தார். போகும்போது பஸ்பப் புட்டியை என் மேசைமீதே வைத்துச் சென்றார்.