சைக்கிள்காரரின் மழையாடை

கிளாஸ்கோ நகரத்து ரசாயன நிபுணரான சார்லஸ் மேக்கிண்டாஷ், வாயு விளக்குத் தொழிற்சாலையில் கழிவாய் மிஞ்சிய தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, அக்கரைசலை இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி, நீர் புகாத துணி ஒன்றைச் செய்து 1823-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றபோது, பெடலை மிதித்து ஓட்டும் சைக்கிள் இன்னும் பிறந்திருக்கவில்லை. அத்துணி வெயிலில் பிசுபிசுத்தது; குளிரில் விறைத்தது; தைத்த ஊசித் துவாரங்களின் வழியே ஒழுகியது; அதன் நாற்றமோ சொல்லுந்தரமன்று. 1843-இல் தாமஸ் ஹான்காக் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பின்னரே முதல் இரண்டு தோஷங்களும் தீர வழி பிறந்தது.

1885-இல் கவெண்ட்ரியில் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளும், 1888-இல் டன்லப் கண்ட காற்றடைத்த டயரும் சேர்ந்து, செல்வர்களின் விநோதமாயிருந்த சைக்கிளை நாளடைவில் தொழிலாளியின் வாகனமாக்கின. விநோதத்துக்காகச் செல்பவர் மழை வந்தால் வீட்டிலேயே இருந்துவிடலாம். ஆலைச் சங்கு ஊதுமுன் வாயிலைக் கடந்தாக வேண்டியவருக்கு அந்தச் சலுகை ஏது? ரப்பர் கோட்டு மழையை வெளியே நிறுத்தியதென்றாலும், மிதிப்பவரின் வியர்வையை உள்ளேயே சிறைப்படுத்தியதால், வேலைக்குப் போய்ச் சேரும்போது சட்டை எப்படியும் ஈரமாகவே இருந்தது. காற்றோட்டமுள்ள கபர்டீன் துணியை 1879-லேயே தாமஸ் பர்பெரி உருவாக்கிவிட்டார். ஆனால் அது கனவான்களின் பணப்பைக்கு ஏற்ற சரக்கு.

சாமானியருக்குக் கைகொடுத்தது கேப் என்னும் கையில்லாத மழைப்போர்வைதான். கழுத்தில் பொத்தானிட்டு, உட்புறத்து வார்களில் கட்டைவிரல்களை நுழைத்து, முன்பகுதியை ஹேண்டில்பாரின் மேல் விரித்துக்கொண்டால், கையும் தொடையும் அதனடியில் ஒதுங்கும். கீழே திறந்திருப்பதால் காற்றும் உலவும். ஆயினும் எதிர்க்காற்றில் அது பாயாக விரிந்து வண்டியைப் பின்னுக்குத் தள்ளியது. இரு கைகளுக்கும் இடையே குளமாய்த் தேங்கும் நீரை அவ்வப்போது உதறிக் கொட்ட வேண்டியிருந்தது. திரும்பும்போது கை காட்டுவதும் எளிதன்று.

மேலிருந்து விழும் நீரை இவ்வளவு பாடுபட்டுத் தடுத்தாலும், சக்கரம் சாலையிலிருந்து வாரியடிக்கும் சேற்றுநீரை எந்தத் தையற்காரராலும் தடுக்க இயலாது. அதனால்தான் என் மதிப்பில் மழையாடை செய்தவரைவிட மட்கார்டு செய்தவரே உயர்ந்தவர். சங்கிலியையும் அச்சேற்றிலிருந்து காக்க வேண்டுமல்லவா? இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டனின் சன்பீம் சைக்கிள்கள், சங்கிலியை முழுதும் மூடி, எண்ணெயிலேயே ஓடவிடும் பெட்டியால் புகழ்பெற்றன. துருவும் அண்டாது, கால்சட்டையில் கறையும் படியாது.

நம் நாட்டில் சுரேந்திர மோகன் போஸ் 1920-இல் வங்காளத்தில் தொடங்கிய தொழில் ‘டக்பேக்’ மழையாடைகளால் பெயர்பெற்றது. 1949-இல் ஏற்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் என்னும் ஆங்கில ரக வண்டிகளைச் செய்தது. கனத்த ஆங்கில வண்டியின் மட்கார்டையும் செயின் கவரையும் விரும்பி ஏற்றுக்கொண்ட தமிழர், கேப்பை மட்டும் அவ்வளவாக ஏற்கவில்லை. ஐப்பசி மழை கொட்டினாலும் புழுக்கம் விடாத ஊரில் ரப்பருக்குள் வேகுவதைவிட, வேட்டியை மடித்துக் கட்டி, சீட்டுக்கு ஒரு பாலிதீன் பையை மாட்டிவிட்டு, மழை சற்றுத் தணியுமட்டும் டீக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பதே புத்திசாலித்தனம் என்று அவர்கள் கண்டார்கள். தாமதத்துக்கு மேஸ்திரியிடம் சொல்லக் காரணமும் கையோடு இருந்தது.