டீசல் காரும் காற்றும்

கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் 'ஏர் புடிச்சு' நின்றுபோனால் என்ன செய்வது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கோளாறு பழைய டீசல் காரில் வந்தால் மட்டும், உடனே பம்பைக் கழற்றிக்கொண்டு டவுனுக்கு ஓடுகிறோம். காசு போகிறது, கோளாறு போவதில்லை. டீசல் என்ஜினுக்கும் காற்றுக்கும் உள்ள உறவு ரொம்பப் பழையது. அது தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும்.

1897-ஆம் ஆண்டு, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் என்பவர் தமது என்ஜினை ஓட்டிக் காட்டினார். உயரம் சுமார் 10 அடி; சக்தி ஏறக்குறைய 20 குதிரை. அதில் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ளியது எது தெரியுமா? காற்றேதான்! தனியாக ஒரு கம்ப்ரஸர் காற்றை அழுத்திக் கொடுக்கும். அந்தக் காற்று எண்ணெயைத் தூவானமாக உள்ளே ஊதும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது சரி. காருக்குள் அதை எங்கே வைப்பது? டீசல் 1913-ல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலிலிருந்து காணாமற்போய் இறந்தார். தம் பேர் சொல்லும் கார் ஓடுவதை அவர் பார்க்கவில்லை, பாவம்.

காற்று இல்லாமல், எண்ணெயை மட்டும் அழுத்திப் பீய்ச்சும் பம்புக்குப் பலர் முயன்றார்கள். அதை ஏராளமாகச் செய்து விற்கும் அளவுக்குக் கொண்டுவந்தது ராபர்ட் பாஷ் கம்பெனி, 1927-ல். 1936-ல் அப்படிப்பட்ட பம்புடன் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி கார் வெளிவந்தது. பாஷ் துணையோடு 1951-ல் நம் நாட்டில் தொடங்கிய மைக்கோவின் பெயர் நீங்கள் அறிந்ததுதான்.

இப்போது கவனியுங்கள். எண்ணெயை அழுத்தினால் அநேகமாகச் சுருங்காது; காற்று சுருங்கிவிடும். நாசில் திறக்க, காற்று மண்டல அழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கு மேல் வேண்டும். குழாயில் காற்று புகுந்தால் பம்பின் தள்ளல் அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். அன்று எண்ணெயைத் தள்ளிய காற்று, இன்று அதையே தடுக்கிறது.

ஆகவே டாங்கியிலிருந்து தொடங்குங்கள். டாங்கிக்கும் சின்ன பம்புக்கும் நடுவில் உள்ளது உறிஞ்சும் பக்கம். அங்கே ரப்பர் குழாய் வெடித்திருந்தால் காற்று உள்ளே போகும். டீசல் வெளியே ஒழுகாமலே இருக்கலாம். 'ஒரு சொட்டுகூடச் சிந்தலையே' என்று ஏமாந்துவிடாதீர்கள். வண்டி கொஞ்ச தூரம் ஓடி நின்றால் டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், மூச்சுத் துளை அடைத்திருக்கிறது.

அதுவும் இல்லையென்றால், சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, சின்ன பம்புக்கு மேலே உயரத்தில் வைத்து, புதுக் குழாயில் நேராகக் கொடுங்கள் (பீடி பக்கத்தில் வேண்டாம்). ஏரை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். என்ஜின் சீராக ஓடினால் பம்பு மேல் பழியில்லை. டாங்கியிலோ வரும் குழாயிலோதான் கோளாறு. ஓடவில்லையென்றால் பில்டரை மாற்றி, அதன் வாசர்களையும் புதிதாகப் போடுங்கள். பிறகு பில்டர் மேலுள்ள ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். முதலில் நுரைநுரையாக வரும். நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் ஸ்குரூவை முடுக்குங்கள். அதற்கும் மசியாத வண்டியைத்தான் பம்புக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.