ஓர் இரவுத் தூரம்

கொழும்பிலிருந்து தூத்துக்குடி எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஓர் இரவுத் தூரம் என்பேன். 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் ‘ஸ்கொட்டியா பிரின்ஸ்’ என்னும் கப்பலில் அத்தூரத்தை நான் கடந்தேன். மாலையில் கொழும்புத் துறைமுகத்தில் ஏறி, இரவுச் சாப்பாட்டை முடித்து, கண்ணயர்ந்து எழுந்தால் மறுநாள் தூத்துக்குடி. இரண்டு நாள் நகரத்தைச் சுற்றிப் பார்ப்பது, சில புத்தகங்கள் வாங்குவது, திரும்பிவிடுவது. இவ்வளவே எனது திட்டம். ஆனால் நேயர்களே, அந்தக் கடல்வழிக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை ஒன்று உண்டு.

1914க்கு முன்னர், சென்னையிலிருந்து இலங்கை வருவோர் புகையிரதத்தில் தூத்துக்குடி வந்து, அங்கிருந்து நீராவிக் கப்பலில் கொழும்பை அடைந்தனர். அவ்வழி பிரிட்டிஷ் இந்திய நீராவிக் கப்பற் கொம்பனியின் பிடியில் இருந்தது. அதற்கு எதிராகவே 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கொம்பனியைத் தொடங்கினார். ‘காலியா’, ‘லாவோ’ என இரு கப்பல்கள் வந்தன. வெள்ளையர் கொம்பனி கட்டணத்தைக் குறைத்தது. ஈற்றில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் கையில் குடையும் கொடுத்தது என்பர். 1908இல் வ.உ.சி. சிறை சென்றார். 1911இல் கொம்பனி கலைக்கப்பட்டது. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தவர் என்று அவரை வகுப்பறையில் அறிமுகம் செய்கிறோம். கப்பலோட்டிய தமிழன் என்று மேடையில் போற்றுகிறோம். அவர் ஓட்டிய கப்பல் வந்தடைந்த கரை நமது கொழும்பு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் பாதை மாறியது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை புகையிரதம். அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 22 மைல் கப்பல். மீண்டும் புகையிரதம், கொழும்புக் கோட்டை வரை. முன்னர் கடலில் கழிந்த இரவு இப்போது கோச்சியில் கழிந்தது. பட்டணம் பார்க்கவும் கோயில் கும்பிடவும் கூறைச்சேலை எடுக்கவும் நம்மவர் அவ்வழியே போய் வந்தனர். தோட்டத் தொழிலாளர்களோ மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பின்னரே இக்கரைக்கு அனுப்பப்பட்டனர்.

1964ஆம் ஆண்டு இரு அடிகள் விழுந்தன. டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் பின்னர் இராமேஸ்வரத்துக்குப் போகலாயிற்று. அதற்கு முன்பே, ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று மனிதர்கள் கணக்கிடப்பட்டனர். மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயராயிற்று. 1980களில் போர் மூண்டதும் கப்பலும் நின்றது.

இவற்றை நான் நூல்களிற் படித்திருந்தேன். ஆனால் அன்றிரவு கப்பலின் மேற்தட்டில், ஹட்டன் பக்கத்து மூதாட்டி ஒருவர் என்னருகே வந்தமர்ந்தார். மடியில் ஒரு துணிப்பை. அதனுள் தேயிலைப் பொட்டலங்கள். கோத்தகிரியில் இருக்கும் தங்கச்சியைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

“எப்ப கடைசியாப் பார்த்தீங்கள், அம்மா?”

“எழுபத்திரண்டில, தம்பி. கோச்சி ஜன்னல்ல கையப் புடிச்சுக்கிட்டே ஓடினேன். அவளுக்கு அந்தப் பக்கம் எழுதிட்டாங்க, எனக்கு இந்தப் பக்கம்.”

“கோத்தகிரியிலயும் தேயிலைதானே அம்மா, பிறகேன் இவ்வளவு தேயிலை?”

“இது அவ பொறந்த தோட்டத்துக் கொழுந்து” என்றார்.

எனக்கு மேற்கொண்டு பேச வரவில்லை. விடியலில் தூத்துக்குடிக் கரை தெரிந்தபோது, எல்லோருக்கும் முன்னதாக அவர் எழுந்து நின்றார். துறைமுகத்துக்கு வ.உ.சி.யின் பெயரை அவ்வாண்டுதான் சூட்டியிருந்தார்கள். அப்பெயர்ப் பலகையின் கீழே துணிப்பையை அணைத்தபடி அவர் நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அச்சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பகற் கப்பல் ஒன்று தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. அச்செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது என் நினைவுக்கு வந்தது அந்த மூதாட்டியின் துணிப்பையே. வ.உ.சி.யின் காலத்திலும் என் காலத்திலும் இக்கடல் ஓர் இரவுத் தூரந்தான். அந்தச் சகோதரியர் இருவருக்கு அது முப்பத்தொன்பது வருடத் தூரமானது. அவ்வளவு தூரத்தை உண்டாக்கியது கடலன்று.