ஒன்னே முக்கா முழத் தண்டவாளம்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்த மேட்டர். ஆபீஸ்ல ஆணி அதிகம்ங்கறதால தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்தாச்சு. கொஞ்சம் கொசுவத்தி, கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு. கணக்குன்னதும் ஓடிடாதீங்க மக்கா, வெறும் பெருக்கல் வகுத்தல்தான்.

எங்கூரு நாமக்கல். லாரிக்கும் முட்டைக்கும் ஆஞ்சநேயருக்கும் பேர் போன ஊர். ரயில் மட்டும் கிடையாது. மெட்ராஸ் ராயபுரத்தில் 1856-ல் கிளம்பின ரயில் 1861-லயே சேலம் வந்துடுச்சு. அங்கிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டர்ல இருக்கற நாமக்கல்லுக்கு வர 2013 மே மாசம் ஆச்சு. 152 வருஷம்! அப்போ எனக்குப் பதினாறு வயசு. சேலம் - கரூர் பாதை திறந்து ரயில் ஓட ஆரம்பிச்சப்போ, புது ஸ்டேஷனில் வேடிக்கை பார்க்க நின்ன கூட்டத்தில் நானும் ஒருத்தன்.

ரயில் இல்லாத ஊர்ல பொறந்தவனுக்குத்தான் ரயில் பைத்தியம் அதிகமா பிடிக்கும்னு நெனைக்கிறேன். சின்ன வயசுல சேலம் கடைவீதியில் அப்பா வாங்கித் தந்த சாவி கொடுக்கற ரயில்தான் ஆரம்பம். வட்டமா ஓடும், நாலு சுத்துல நின்னுடும். அப்பா லாரிக்கு பாடி கட்டற பட்டறையில் வேலை. கையில் டேப் இல்லாம அவரைப் பார்க்கவே முடியாது. அந்த ரயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இஞ்சின் ஒரு அளவு, பொட்டி ஒரு அளவு. அளவு சரியா இருந்தா வண்டி, இல்லைன்னா பொம்மை"ன்னார். அந்த டயலாக் மட்டும் மண்டையில் தங்கிடுச்சு.

பொட்டி தட்டற வேலைக்கு வந்தப்பறம் ஆன்சைட் போற ஊர்ல எல்லாம் நான் தேடறது ரெண்டே விஷயம். ஒண்ணு நல்ல சாம்பார் கிடைக்கற இடம், இன்னொண்ணு மாடல் ரயில் கடை. முதலாவது பெரும்பாலும் தேறாது.

டோக்கியோவில் ரெண்டு வாரம் இருந்தப்போ அகிஹபாரா பக்கம் போனேன். மாடி மாடியா கடைங்க. பழைய பெட்டிகளைத் தனித்தனியா கவர் போட்டு அடுக்கி விக்கறாங்க. வீட்டில் இடமில்லாதவங்களுக்காக, மணிக்கு இவ்வளவுன்னு காசு வாங்கிட்டு கடையிலேயே ரயில் ஓட்ட விடறாங்க. ஜப்பான்ல ரொம்பப் பிரபலம் 'என்' கேஜ், அதாவது தண்டவாள இடைவெளி 9 மில்லிமீட்டர். அங்கே காட்டோ கம்பெனி 1965-ல் ஆரம்பிச்சு வச்சது.

அடுத்தது எட்டு மாசம் ஜெர்மனி, ஸ்டுட்கார்ட். அங்கிருந்து கொஞ்ச நேர ரயில் பயணத்தில் கோப்பிங்கன். மாடல் ரயில்காரங்களுக்கு அது பழனி மாதிரி. மார்க்லின் கம்பெனி 1859-ல் அங்கேதான் பிறந்தது. முதலில் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான் செஞ்சவங்க. 1891-ல் லைப்சிக் சந்தையில், தண்டவாளத்தைத் துண்டு துண்டா வாங்கி நீட்டிக்கிட்டே போகக்கூடிய ரயில் செட்டைக் கொண்டு வந்தாங்க. பொம்மை, பொழுதுபோக்கா மாறின இடம் அதுதான். இன்னிக்கு ஒரு பெட்டி, அடுத்த பிறந்தநாளுக்கு ஒரு பாலம்னு வாழ்க்கை பூரா வாங்கலாம் பாருங்க. அப்படிப்பட்ட கம்பெனியே தன்னோட 150-வது வருஷமான 2009-ல் திவால் மனு கொடுத்து, 2013-ல் கை மாறி, பிழைச்சு வந்திருக்கு.

ஒரு சனிக்கிழமை அந்தப் பக்கம் ஒரு சின்னக் கடைக்குள்ள நுழைஞ்சேன். கல்லாவில் ஒரு பெரியவர். இந்திய ரயில் ஏதாவது இருக்கான்னு கேட்டேன். "டார்ஜிலிங்?"னார். "இல்லைங்க, சேலம்"னேன். பாவம், முழிச்சார்.

இங்கேதான் கணக்கு வருது. உலகத்தில் அதிகம் விக்கற அளவு ஹெச்.ஓ. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஐரோப்பாவில் பெரும்பாலான பாதை 1435 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தா கச்சிதமா 16.5. நம்ம ஊர் அகலப் பாதையோ டல்ஹவுசி காலத்தில் முடிவான ஐந்தரை அடி, 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தா 19.3 வரும். அப்படி ஒரு தண்டவாளம் கடையில் கிடையாது. ஏற்காடு எக்ஸ்பிரஸை ஹெச்.ஓ. அளவில் செஞ்சு கடைத் தண்டவாளத்தில் நிறுத்தினா, பெரிய உடம்பு, குச்சிக் கால். அப்பா பாஷையில் சொன்னா பொம்மை.

(பிரிட்டிஷ்காரங்களும் இதே தப்பைப் பண்ணியிருக்காங்க. அவங்க இஞ்சின் சின்னது, அந்தக் கால மோட்டார் உள்ளே போகலை. அதனால உடம்பை மட்டும் 76-ல் ஒரு பங்கா ஊதிட்டு, தண்டவாளத்தை 16.5-லயே விட்டுட்டாங்க. 1938-ல் வந்த ஹார்ன்பி டப்ளோவிலிருந்து இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் ஓடுது.)

பெரியவர் விடலை. உள்ளே போய் ஒரு டப்பா எடுத்து வந்தார். 'ஹெச்.ஓ.ஈ.'. ஆஸ்திரியாவில் சில்லர்டால் பள்ளத்தாக்கில் ஓடற குட்டி ரயிலோட சரக்குப் பெட்டி. அளவு அதே 87-ல் ஒரு பங்கு, ஆனா தண்டவாளம் 9 மி.மீ. நிஜப் பாதையோட அகலம் 760 மி.மீ.ன்னார்.

760. கிட்டத்தட்ட ரெண்டரை அடி. எனக்கு சட்டுனு தாத்தா ஞாபகம் வந்துட்டார்.

அம்மா பொறந்தது தர்மபுரி மாவட்டம், மொரப்பூர் பக்கம். பழைய சேலம் ஜில்லாதான், 1965-ல் பிரிஞ்சது. லீவுக்குப் போறப்போ தாத்தா ஒரு கதை சொல்வார். "எங்க ஊர்ல ஒரு சின்ன ரயிலு ஓடிச்சு கண்ணு. தண்டவாளத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவுல ஒன்னே முக்கா மொழந்தான். நானே கைய வச்சு அளந்திருக்கறன்." மாட்டுவண்டித் தடமே அதை விட அகலமாச்சே, தாத்தா அடிச்சு விடறார்னு நானும் மாமா பசங்களும் சிரிப்போம். ரயில்னா நாங்க பார்த்தது மொரப்பூர் மெயின் லைன் மட்டும்தானே.

தாத்தா அடிச்சு விடலை. மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு 1906-ல் ரெண்டரை அடி குறுகிய பாதை போட்டிருக்காங்க. 1913-ல் அதை ஓசூர் வரைக்கும் நீட்டியிருக்காங்க. திருப்பத்தூர் - கிருஷ்ணகிரிக்கு 1905-லயே இதே அளவில் இன்னொண்ணு. ரெண்டும் பஞ்சத்துக்காகப் போட்ட பாதைங்க. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அதிகமா அடி வாங்கின ஜில்லாக்களில் சேலமும் ஒண்ணு. மறுபடி அப்படி வந்தா மெயின் லைன்ல இருந்து தானியத்தை உள்ளே கொண்டு போகணுமே, அதுக்குத்தான். செலவு குறையணும்னுதான் இந்தக் குறுகல் அளவு. மொரப்பூர் - ஓசூர் பாதையை 1941-ல் மூடிட்டாங்க. உலகப் போர் நடந்த நேரம். நாடு முழுக்கப் பல கிளைப் பாதைகளைப் பிடுங்கின காலம். தாத்தாவுக்கு அப்போ ஒன்பது வயசு இருக்கும்.

அந்தக் கடையில் நின்னு மொபைலில் கணக்குப் போட்டேன். ரெண்டரை அடின்னா 30 அங்குலம், 762 மி.மீ. 87-ஆல் வகுத்தா 8.8. கையில் இருக்கற தண்டவாளம் 9. சேலம், நாமக்கல், மேட்டூர் எதுக்குமே பொருந்தாத கடையில், எங்க பக்கத்து ரயில் ஒண்ணே ஒண்ணுதான் பொருந்துச்சு. அதுவும் எண்பது வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன ரயில்.

சில்லர்டால் ரயில் 1902-ல் முழுசா திறந்தது, சுமார் 32 கிலோமீட்டர். நம்ம மொரப்பூர் - தர்மபுரி அதுக்கு நாலு வருஷம் இளசு, நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் இருக்கும். அது இன்னிக்கும் ஓடுது, டப்பாவிலயும் கிடைக்குது. நம்மளுது ரெண்டுலயும் இல்லை. (மொரப்பூர் - தர்மபுரிக்கு அகலப் பாதையா மறுபடி கொண்டு வர 2019-ல் அடிக்கல் நாட்டினாங்க.)

ரெண்டு துண்டு தண்டவாளமும் ஒரு சரக்குப் பெட்டியும் வாங்கிட்டு வந்தேன். ஊருக்கு வந்ததும் அப்பா முதலில் எடுத்தது டேப்பை.

"ஒம்போது மில்லி. எம்பத்தேழால பெருக்கு."

"783 வருதுங்கப்பா."

"நெசம் எவ்ளோ?"

"762."

"இருவத்தொரு மில்லி தப்பு" என்றார். அப்பறம் என்ன நெனச்சாரோ, "பரவால்ல, இதுக்கு வண்டின்னே பேர் வைக்கலாம்"னார். எனக்கு ஆஸ்கர் வாங்கின மாதிரி இருந்துச்சு :)

சரி, பெட்டியைத் தர்மபுரி பெட்டியா மாத்தலாம்னு உக்காந்தேன். அங்கேதான் மாட்டிக்கிட்டேன். என்ன நிறம்? கதவு எந்தப் பக்கம்? பெஞ்சு எப்படி இருந்தது? ஜெர்மன் கடையில் வாங்கின பெட்டியில் ஒவ்வொரு ஆணியும் இருக்கற இடத்தில் இருக்கு. காரணம், நிஜ வண்டி ஓடினப்போ யாரோ ஒருத்தர் டேப்போட போய் அளந்து வரைஞ்சு வச்சிருக்கார். எங்க பக்கம் முழம் போட்டு அளந்த ஒரே ஆளு தாத்தாதான். அவர் சொன்னப்போ நாங்க சிரிச்சோம். நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்போ அவர் போயிட்டார். இப்போ கேக்கறதுக்கு என்கிட்ட நூறு கேள்வி இருக்கு.

அதனால ரயிலை இப்போதைக்கு ஓரமா வச்சுட்டேன். போன மாசம் ஊருக்குப் போனப்போ, பட்டறையில் பிரிக்கறதுக்காக ஒரு பழைய மரபாடி லாரி நின்னுட்டு இருந்துச்சு. இப்போ கேபினோடவே கம்பெனியிலிருந்து வர்ற வண்டிதான் அதிகம், இந்த மாதிரி வேலை குறைஞ்சுட்டே வருது. ஞாயித்துக்கிழமை பூரா அப்பா டேப்பைப் பிடிக்க, நான் நோட்டுல எழுதினேன். பலகை எத்தனை, கொண்டி எங்கே, நெத்திப் பலகை எவ்வளவு உயரம், எல்லாம். படம் பாதி வரைஞ்சாச்சு, 87-ல் ஒரு பங்குதான். தாத்தா ரயில் பக்கத்தில் நிக்கட்டுமே.

மொரப்பூர், தர்மபுரி, பாலக்கோடு, ஓசூர்ப் பக்கம் இருக்கறவங்க வீட்டில் தொண்ணூறு வயசு தாண்டின பெரியவங்க இருந்தா, அந்தச் சின்ன ரயிலைப் பத்திக் கேட்டு எழுதி வையுங்க மக்கா. முழக்கணக்கில் சொன்னாலும் சிரிக்காதீங்க.

டிஸ்கி: ஒரு முழம் 18 அங்குலம்னு வச்சா, ஒன்னே முக்கா முழம் முப்பத்தொன்றரை அங்குலம். நிஜம் 30. தாத்தா ஒன்றரை அங்குலம் தப்பு. ஒன்பது வயசுக் கை கொஞ்சம் சின்னது, அதையும் கழிச்சுக்குங்க.