காண்டாக்ட் லென்ஸ்: எது யாருக்கு ஏற்றது?

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கல்யாணச் சேலை எடுக்கப் போகிறவர்கள், கண் நிறத்தை மாற்றும் லென்ஸையும் கையோடு வாங்கிவிட நினைப்பதுண்டு. அது வளையல் பொட்டு வகையறா அல்ல. பவர் இல்லாத கலர் லென்ஸானாலும், மலேசியாவின் 1991 ஒளியியல் சட்டப்படி தகுதியும் அனுமதியும் பெற்றவர்களே கண்ணைச் சோதித்துத் தர வேண்டும். இரவுச் சந்தையிலும் இணையத்திலும் மலிவாகக் கிடைப்பதை விட்டுவிடுவதே நல்லது.

மென்மையான லென்ஸ் சுமார் 14 மில்லிமீட்டர் அகலம். சில நாளில் பழகிவிடும். கெட்டியான லென்ஸ் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர்தான். முதல் ஓரிரு வாரம் உறுத்தும். ஆனால், கருவிழி கூம்புபோல் புடைத்தவர்களுக்குக் கண்ணாடியைவிட இதில்தான் பார்வை தெளிவாக இருக்கும்.

மென்மையானவற்றில் தினசரி லென்ஸை இரவில் வீசிவிடலாம். எப்போதாவது அணிபவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. மாதாந்திர லென்ஸ் விலை குறைவு, வேலை அதிகம். பலர் தவறுவது கணக்கில்தான்: 30 நாள் என்பது பாக்கெட்டைப் பிரித்த நாளிலிருந்து; அணிந்த நாள்களை மட்டும் எண்ணக்கூடாது. தினமும் புதிய திரவம் ஊற்ற வேண்டும், பழையதோடு சேர்க்கக்கூடாது. டப்பியை மூன்று மாதத்திற்கொரு முறை மாற்ற வேண்டும்.

குழாய்த் தண்ணீர் எந்த லென்ஸுக்கும் ஆகாது. அதிலுள்ள அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தாக்கினால் பார்வையே போகலாம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, உடனே கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். லென்ஸையும் டப்பியையும் எடுத்துச் சென்றால் கிருமியைக் கண்டறிய உதவும்.