இடுப்புக் குறியீட்டெண்: முதுகெலும்பு அளவீட்டின் வரலாறும் ஒப்பீட்டு அடிப்படையும்

மனிதரை அளந்து இனங்களாகப் பகுத்த 19ஆம் நூற்றாண்டு அறிவியலின் வரலாறு பெரும்பாலும் தலையோட்டின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதே காலத்தில், அதே உடற்கூற்றுக் கூடங்களில் முதுகெலும்பும் அளக்கப்பட்டது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகள் குறித்து ஃபிரான்ஸ் போவாஸ் நடத்திய ஆய்வுக்குப் பின் தலையோட்டு அளவைகள் கடும் மறுபரிசீலனைக்கு உள்ளாயின. முதுகெலும்பு அளவைகள் அந்த விவாதத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டன. இக்கட்டுரை இடுப்புக் குறியீட்டெண் என்னும் ஓர் அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மக்கட்குழுக்களிடையே அவ்வளவு வேறுபடுகிறது என்பதில் ஐயமில்லை. அவ்வேறுபாட்டிற்கு என்ன பொருள் கற்பிக்கப்பட்டது, எவருடைய எலும்பு இயல்புக்கான அளவுகோலாக வைக்கப்பட்டது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

1886: இரு நூல்கள், ஓர் எண்

மனிதரின் இடுப்புப் பகுதியில் பொதுவாக 5 முள்ளெலும்புகள் உள்ளன. ஒவ்வொன்றின் உடற்பகுதியும் முன்புறத்தில் ஓர் உயரமும் பின்புறத்தில் ஓர் உயரமும் கொண்டது. ஐந்தின் பின்புற உயரங்களைக் கூட்டி, 100-ஆல் பெருக்கி, முன்புற உயரங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே இடுப்புக் குறியீட்டெண். எண் 100-க்குக் குறைந்தால் எலும்புகள் முன்புறம் உயர்ந்து, முன்னோக்கிய வளைவுக்கு ஏற்ற ஆப்பு வடிவம் பெற்றுள்ளன என்பது பொருள். 100-ஐ விஞ்சினால் நிலை தலைகீழ்.

இவ்வெண் 1886-இல் இரு நூல்களில் விரிவாக இடம்பெற்றது. ஒன்று, எடின்பரோ உடற்கூற்றுப் பேராசிரியர் வில்லியம் டர்னர், சேலஞ்சர் கப்பற்பயணத்தின் (1872-76) அறிக்கைத் தொகுதிகளுக்காக எழுதிய மனித எலும்புகள் பற்றிய பகுதி. மற்றொன்று, டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டேனியல் ஜான் கன்னிங்காம், மனிதரிலும் வாலில்லாக் குரங்குகளிலும் காணப்படும் இடுப்பு வளைவு குறித்து எழுதிய ஆய்வுநூல். தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் உடலை அறுத்துப் பயிலும் மாணவர்கள் கையில் வைத்திருக்கும் கையேடு இந்தக் கன்னிங்காமின் பெயரையே தாங்கியுள்ளது.

ஐரோப்பியரின் சராசரி ஏறத்தாழ 96 என்றும், ஆஸ்திரேலியப் பழங்குடியினர், அந்தமானியர் முதலியோரின் சராசரி 100-க்கு மேல் என்றும் கணக்கிடப்பட்டது. டர்னர் இவ்வெண்ணைக் கொண்டு மூன்று வகைகளை வகுத்துக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டார்: 98-க்குக் கீழ் குர்ட்டோராக்கிக், 98 முதல் 102 வரை ஆர்த்தோராக்கிக், 102-க்கு மேல் கொய்லோராக்கிக். வாலில்லாக் குரங்குகளின் எண்ணும் 100-ஐ விஞ்சுவதால், இவ்வரிசை எளிதில் ஓர் ஏணியாக வாசிக்கப்பட்டது. ஐரோப்பியர் மேற்படியில், குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்டோர் இடைப்படியில், குரங்குகள் கீழ்ப்படியில். ஏணியின் உச்சியில் இருந்தோரும் அளவுகருவியைக் கையில் வைத்திருந்தோரும் ஒருவரே என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

கன்னிங்காமின் ஐயம்

இருப்பினும் கன்னிங்காமை வெறும் இனவாத அளவீட்டாளராக ஒதுக்குவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. உறையவைத்து நெடுக்குவாட்டில் வெட்டிய உடல்களை அவர் ஆராய்ந்தவர். வாழும் உடலின் வளைவில் முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள குருத்தெலும்புத் தட்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டென்பதை அவர் கண்டார். உலர்ந்த எலும்பில் அத்தட்டுகள் எஞ்சுவதில்லை. ஆகவே எலும்பின் எண்ணை மட்டும் கொண்டு ஒருவர் எவ்வளவு நிமிர்ந்து நின்றார் எனக் கூறுதல் பொருந்தாது. மேலும், வேறுபாட்டிற்கான காரணத்தை அவர் உடலைப் பயன்படுத்தும் முறையில் தேடினார். குனிந்தும் ஏறியும் வாழ்வோரின் முதுகு நெகிழ்வைக் காக்கிறது. ஐரோப்பியரின் முதுகு நெகிழ்வை இழந்து உறுதியைப் பெறுகிறது என்பது அவர் கருத்தின் சாரம். வாழ்க்கை முறை என்னும் விளக்கம் இங்கேயே தோன்றிவிட்டது. ஆனால் அவ்விளக்கம் 'நாகரிகமற்றோர்' என்ற சொல்லாட்சிக்குள்ளேயே சிறைப்பட்டிருந்தது. அவர் எழுப்பிய ஐயத்தைக் காட்டிலும் அவர் தந்த எண்களே பின்வந்தோரால் மிகுதியாக எடுத்தாளப்பட்டன என்பது என் வாசிப்பு.

ஒரே எலும்பில் இரு காலங்கள்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வினா திசை மாறியது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள டிக்சன் மவுண்ட்ஸ் புதைகுழிகளின் எலும்புகளை (ஏறத்தாழ கி.பி. 950-1300) ஜார்ஜ் கிளார்க்கும் அவருடன் பணியாற்றியோரும் ஆராய்ந்து 1980களில் வெளியிட்ட கட்டுரைகள் இதில் முதன்மையானவை. முள்ளெலும்பின் பகுதிகள் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. தண்டுவடம் செல்லும் கால்வாயின் முன்பின் விட்டம் ஏறத்தாழ 5 வயதுக்குள் முழு அளவை எட்டிவிடுகிறது. உடற்பகுதியின் உயரம் வளரிளம் பருவம் முழுவதும் கூடுகிறது. எனவே குழந்தைப் பருவத்தில் பசியோ நோயோ தாக்கினால் கால்வாய் சிறுத்துப்போகும். பின்னர் உணவு கிடைத்தாலும் அந்தக் குறை நிரம்பாது. உயரமோ ஓரளவு மீளலாம். கால்வாய் சிறுத்தவர்கள் குறைந்த வயதில் இறக்கும் போக்கும் அங்குக் காணப்பட்டது.

இதன் முறையியல் விளைவு பெரிது. ஒரே இடத்தில் புதைக்கப்பட்ட மக்களிடையே, மரபுவழி வேறுபாட்டைத் துணைக்கு அழைக்காமலேயே, முள்ளெலும்பின் அளவு மாறுபடுகிறது. அவ்வாறாயின் இரு மக்கட்குழுக்களின் சராசரிகளை அருகருகே வைத்து 'இனவேறுபாடு' என்று தலைப்பிடும் முன், அவ்விரு குழுக்களின் குழந்தைகள் என்ன உண்டனர் என்று கேட்க வேண்டியுள்ளது. பாலின வேறுபாடும் இதனுடன் சேர்கிறது. கருவின் சுமையைத் தாங்கும் வகையில் பெண்களிடம் ஆப்பு வடிவம் மூன்று முள்ளெலும்புகளில் பரவியிருக்க, ஆண்களிடம் இரண்டில் மட்டும் காணப்படுவதை விட்கோம், ஷபிரோ, லீபர்மன் ஆகியோர் 2007-இல் காட்டினர். ஆண், பெண் விகிதம் சீராக இல்லாத ஒரு தொகுப்பின் சராசரி எதையும் தனியே மெய்ப்பிக்காது.

யாருடன் ஒப்பிடுவது?

நியாண்டர்தால் மனிதர் கூனி நடந்தவர் என்ற சித்திரம், லா ஷாப்பேல்-ஓ-சேன் எலும்புக்கூட்டை மார்சலின் பூல் 1911-13இல் விவரித்ததிலிருந்து பரவியது. கூனல் பின்னர் மறுக்கப்பட்டபோதும், அவர்களின் இடுப்பு வளைவு நம்முடையதைவிடக் குறைவு என்ற கருத்து நீடித்தது. ஸ்காட் வில்லியம்ஸ் குழுவினர் 2022-இல் இவ்வொப்பீட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தனர். 'நம்முடையது' என்பது யாருடையது? தொழில்மயத்துக்குப் பிந்தைய காலத்து உடல்களின் முள்ளெலும்புகளும், தொழில்மயத்துக்கு முந்தைய வாழ்வு வாழ்ந்தோரின் தொல்லியல் எலும்புகளும் தம்முள் குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டன. இவ்வேறுபாட்டை வம்சாவளியோடு அன்றி, உடலுழைப்பு முதலிய வாழ்க்கைக் கூறுகளோடு அவர்கள் தொடர்புபடுத்தினர். நியாண்டர்தாலரின் அளவுகள் தொழில்மயத்துக்கு முந்தைய ஆண்களின் அளவுகளிலிருந்து குறிப்பிடத்தக்கவாறு விலகவில்லை.

டர்னரின் எண்வரிசையை இம்முடிவின் ஒளியில் மீண்டும் வாசித்தால், 96 என்னும் ஐரோப்பிய எண்ணே விளக்கம் வேண்டிநிற்கும் எண்ணாகிறது. நகரங்களும் ஆலைகளும் நிறைந்த ஒரு நாட்டின் உடல்களை இயல்பெனக் கொண்டு, பிறரின் விலகல் அளக்கப்பட்டது. இன்றைய ஆய்வுத் தொகுப்புகளும் இச்சிக்கலிலிருந்து விடுபட்டவை அல்ல. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ள டெர்ரி தொகுப்பின் எலும்புகளில் பெரும்பகுதி, செயின்ட் லூயிஸ் நகரில் உரிமை கோருவாரின்றி விடப்பட்ட உடல்களிலிருந்து வந்தவை. ஒரு நகரத்து ஏழைகளின் முதுகெலும்பு 'வெள்ளையர்', 'கறுப்பர்' என்னும் தலைப்புகளின் கீழ் அட்டவணைகளில் பொதுமைப்படுத்தப்பட்டுள்ளது.

டிக்சன் மவுண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் காட்டப்பட்டிருந்த புதைகுழிகள், அமெரிக்கத் தொல்குடியினரின் எதிர்ப்பைத் தொடர்ந்து 1992-இல் மூடப்பட்டன. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுத் தொகுப்பிலிருந்த ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் எச்சங்களும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களின் வழிவந்தோரிடம் திருப்பியளிக்கப்பட்டன. மண்ணுக்குத் திரும்பிய எலும்புகளை மீண்டும் அளக்க வழியில்லை, அளக்கவும் கூடாது. டர்னரின் அட்டவணைகளோ நூலகங்களில் உள்ளன. அவற்றை எடுத்தாளும் ஆய்வாளர், அவ்வெண்கள் யாரிடமிருந்து, எந்த ஒப்புதலுமின்றிப் பெறப்பட்டன என்பதையும் தம் கட்டுரையில் பதிவுசெய்ய வேண்டும் என்றே கருதுகிறேன்.