தகட்டில் பதிந்த நட்சத்திரம்

1937ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகருக்கு மேலே, 2300 மீட்டர் உயரத்திலுள்ள ஹாஃபெலெகார் மலையில் சில புகைப்படத் தகடுகள் ஐந்து மாதங்கள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கழுவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஒரே புள்ளியிலிருந்து பல கோடுகள் நாலாபக்கமும் சிதறியிருந்தன. விண்ணிலிருந்து வந்த காஸ்மிக் கதிர் ஒன்று தகட்டுப் பூச்சிலிருந்த அணுக்கருவில் மோதி, அதைத் துண்டுதுண்டாக உடைத்த தடம் அது. பார்வைக்கு நட்சத்திரம் போலிருந்த அந்தச் சிதறலை முதலில் கண்டவர்கள் மரியெட்டா பிளாவும் அவருடைய மாணவியாக இருந்த ஹெர்தா வாம்பாகரும்.

அது தற்செயலாகக் கிடைத்த காட்சியல்ல. 1920களில் வியன்னாவில் அணுக்கரு ஆய்வு என்றால் இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் துகள் மோதும்போது எழும் மின்னலைக் கண்ணால் பார்த்து எண்ணுவது. எண்ணியவர்களில் பெண்கள் பலர். மின்னல் மறைந்துவிடும், எண்ணியவரின் சொல்தான் சாட்சி. அந்தச் சாட்சியத்தைத் தகட்டில் நிலைநிறுத்த முயன்றார் பிளா. ஆல்பா துகளின் தடம் அடர்த்தியானது, எளிதில் தெரியும். புரோட்டானின் தடமோ மங்கலானது. பூச்சின் தடிமன், வெள்ளி புரோமைடு மணிகளின் அளவு, கழுவும் முறை என ஒவ்வொன்றாக மாற்றிமாற்றிச் சோதித்து, 1925லேயே புரோட்டான் தடத்தையும் பதியவைத்தார்.

இத்தனையும் சம்பளமில்லாமல். 1923 முதல் ரேடியம் நிறுவனத்தில் குடும்பத்தின் ஆதரவிலும் அவ்வப்போது கிடைத்த உதவித்தொகையிலும்தான் அவர் வேலை செய்தார். ஊதியப் பதவி கேட்டபோது, பெண், அதோடு யூதர், இரண்டும் சேர்ந்தால் ஆகாது என்று பதில் வந்ததாகச் சொல்லப்படுகிறது.

1938 மார்ச்சில், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைவதற்குச் சற்று முன், பிளா ஆஸ்லோவுக்குக் கிளம்பினார். அங்கே அவரை வரவழைத்தவர் வேதியியலாளர் எல்லன் கிளெடிட்ஷ். பிறகு ஐன்ஸ்டைனின் உதவியால் மெக்சிகோ. அங்கே அவரது ஆய்வு ஏறக்குறைய நின்றே போனது. வியன்னாவில் ஆய்வைத் தொடர்ந்த வாம்பாகரோ நாஜிக் கட்சி உறுப்பினர். ஒரே நுண்ணோக்கியைப் பகிர்ந்துகொண்ட இரு பெண்களுக்கிடையே அரசியல் போட்ட கோடு இது. பெண்கள் என்பதாலேயே ஒருவரையொருவர் காப்பார்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகக் கூடாது.

பிளாவின் முறை வேறு கைகளில் வளர்ந்தது. நம் நாட்டில் விபா சௌத்ரி, தேபேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங் மலைப்பகுதியில் இத்தகைய தகடுகளை வைத்துத் துகள்களைத் தேடினார். பிரிஸ்டலில் செசில் பவல் குழுவின் தகடுகளை நாள் முழுதும் நுண்ணோக்கியில் அலசியவர்கள் பெரும்பாலும் பெண்களே. 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அணுக்கரு நிகழ்வுகளை ஆராயும் புகைப்பட முறையை வளர்த்ததும் மீசான் கண்டுபிடிப்புகளும் அதற்கான காரணங்கள். அதே ஆண்டுப் பரிசுக்கு எர்வின் ஷ்ரோடிங்கர் பிளாவையும் வாம்பாகரையும் முன்மொழிந்திருந்தார்.

பிளா 1960இல் வியன்னா திரும்பினார். பழைய ரேடியம் நிறுவனத்தில், ஐரோப்பிய ஆய்வுக்கூடமான செர்னிலிருந்து வந்த துகள் தடப் படங்களை அலசும் குழுவுக்கு வழிகாட்டினார். அப்போதும் அவருக்குச் சம்பளம் இல்லை. 1970இல் இறந்தார்.